கோடு பறிக்கும் ஆளி: சங்கக் காட்டின் கற்பனை வேட்டைவிலங்கும் யானைக்கோட்டின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

சங்க இலக்கியத்தின் குறிஞ்சி, பாலைப் பாடல்களில் யானையை வேட்டையாடும் விலங்காக ஆளி இடம்பெறுகிறது. இவ்விலங்கைச் சிங்கம் என்றோ அழிந்துபோன உயிரினம் என்றோ கொள்வதும், வெறும் புனைவு என்று ஒதுக்குவதும் இன்று காணப்படும் நிலைப்பாடுகள். இக்கட்டுரை ஆளியின் உருவத்தை விட்டு அதன் செயலை ஆராய்கிறது. யானையின் கோட்டைப் பறித்தல் என்னும் செயல் இயற்கையில் எந்த வேட்டைவிலங்குக்கும் உரியதன்று. தந்தம் தேடிய மனிதனுக்கே உரியது. ஆகவே ஆளி பற்றிய பாடல்கள் ஒரு விலங்கின் இருப்புக்குச் சான்றாகா எனினும், யானைக்கோட்டின் மதிப்பு உயர்ந்திருந்த ஒரு காலத்தின் வரலாற்றுக்குச் சான்றாகும் என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: ஆளி, யாளி, யானைக்கோடு, குறிஞ்சி, மரபியல், யாளித் தூண்

முன்னுரை

சங்கப் புலவர்கள் தாம் வாழ்ந்த நிலத்தை நுணுகி நோக்கியவர்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை நிரல்படக் கூறுகிறார். அகநானூற்றின் 8ஆம் பாடலில் கரடி புற்றைத் தோண்டி இரை கொள்ளும் முறை கண்முன் நிற்கிறது. இவ்வாறு கண்டதைக் கண்டவாறு கூறும் பாடல்களுக்கு இடையில், எவரும் கண்டிராத ஒரு விலங்கும் நடமாடுகிறது. அது யானைக் கூட்டத்தை நடுங்கச் செய்கிறது. புலியையும் அஞ்ச வைக்கிறது. அதன் பெயர் ஆளி.

பிற்காலக் கோயில் தூண்களில் யாளி என்ற பெயரில் எங்கும் காணப்படுவதால், இவ்விலங்கு பொதுமக்களின் கவனத்தையும் ஈர்த்துள்ளது. யாளி உண்மையில் வாழ்ந்து மறைந்த உயிரினம் என்ற கருத்து பரவலாகப் பேசப்படுகிறது. சங்க இலக்கியம் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. இதனை மறுப்போர், புலவர்களின் கற்பனை என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகின்றனர். முதற்கருத்து இலக்கியத்தை விலங்கியல் பதிவாக மாற்றுகிறது. இரண்டாவது கருத்து அதனை வரலாற்றுக்குப் பயனற்றதாக ஆக்குகிறது. இலக்கியத்தை எவ்வாறு வரலாற்றுச் சான்றாகக் கொள்வது என்ற வினா இவ்விரண்டுக்கும் இடையில் விடையின்றி நிற்கிறது. அவ்வினாவுக்கு விடைகாண ஆளி தகுந்த களம்.

உருவம் கூறப்படாத விலங்கு

ஆளி இடம்பெறும் பாடல்களை ஒருங்கே வைத்து நோக்கும்போது முதலில் புலப்படுவது, அதன் உடல் வருணிக்கப்படாமை. குறிஞ்சிப்பாட்டில் தலைவன் இரவில் வரும் வழியின் இடர்களைத் தோழி அடுக்குகிறாள். அப்பட்டியலில் உழுவை குகையில் வாழ்வது. ஆமான் உட்புழையுள்ள கொம்பை உடையது. முதலை வளைந்த கால்களை உடையது. உழுவைக்கும் கரடிக்கும் இடையில் நிற்கும் ஆளிக்கு அடைமொழி ஏதும் இல்லை. கரடிக்கும் களிற்றுக்கும் அவ்விடத்தில் அடைமொழி இல்லை என்பது உண்மையே. ஆயினும் அவற்றின் நிறமும் நடையும் உணவும் பிற பாடல்களில் விரிவாகக் கிடைக்கின்றன. ஆளிக்கு அவ்வாறு கிடைப்பதில்லை.

நற்றிணை 205ஆம் பாடலில் ஆளி ஒரு களிற்றை இழுத்துச் செல்கிறது. அக்களிறு முன்பு ஒரு புலியைக் கொன்றது. புலிக்கு நகமும் வரியும் கூறப்படுகின்றன. களிற்றுக்குக் கூரிய நுனியுடைய வெண்கோடு கூறப்படுகிறது. ஆளிக்கு நல்ல விலங்கு என்ற பொதுச் சொல் மட்டுமே உண்டு. கொல்லும் நகம் என்ற அடைமொழியும் சொற்கிடக்கையின்படி உழுவைக்கு உரியதாகக் கொள்ளத்தக்கது. பிடரியோ, வாலோ, நிறமோ, உயரமோ இப்பாடல்களில் எங்கும் பேசப்படவில்லை.

ஆளி தன் இரையால் மட்டுமே அறியப்படுகிறது. அகநானூறு 78ஆம் பாடலில் அதற்கு அஞ்சிக் களிறு தன் இனத்தைக் காக்கிறது. 252ஆம் பாடலில் அது புலி நடுங்குமாறு வந்து, யானையின் புள்ளி முகத்தில் மோதி வெண்கோட்டைப் பறிக்கிறது. 381ஆம் பாடலில் ஆண் ஆளி வேழத்தின் கோட்டை வாங்கி அதன் குருத்தை உண்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் கரும்பு ஆலையின் ஓயாத ஒலிக்கு, ஆளி தாக்கியபோது யானைக் கூட்டம் ஒன்றாகக் கதறும் ஒலி உவமையாகிறது. இந்த உவமையில் கேட்போர் அறிந்த ஒலி யானையினுடையது. ஆளியின் ஒலியைப் புலவர் கூறவில்லை.

சொல்லும் மரபும்

ஆளி, யாளி என்னும் இரு வடிவங்களுள் எது முந்தியது என்ற வினாவுக்குப் பெரும்பாணாற்றுப்படைத் தொடர் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அங்கு அணங்குடை என்ற அடைமொழியை அடுத்து யாளி என்று பதிப்புகளில் பிரித்து எழுதப்படுகிறது. ஆனால் ஐகார ஈற்றை அடுத்து உயிர் வரும்போது யகரம் உடம்படுமெய்யாகத் தோன்றுவது தமிழ்ப் புணர்ச்சியின் பொது விதி. அணங்குடை என்பதோடு ஆளி என்பதைச் சேர்த்தாலும் அதே ஒலி வடிவமே கிடைக்கும். எனவே இத்தொடரைக் கொண்டு யாளி என்ற வடிவம் சங்க காலத்திலேயே வழங்கியது என்று நிறுவ இயலாது. வடமொழியில் கொடிய விலங்கையும் மதங்கொண்ட யானையையும் குறிக்கும் வியாளம் என்ற சொல்லோடு யாளியைத் தொடர்புபடுத்தும் கருத்தும் உண்டு. அத்தொடர்பு ஏற்கப்பட்டாலும் மறுக்கப்பட்டாலும், சங்கப் பாடல்களின் ஆளியைத் தனியே ஆராய்வதற்கு அது தடையாகாது.

மரபுப் பெயர்களின் வழக்கு மேலும் கருதத்தக்கது. பொருநராற்றுப்படையில் ஆளியின் இளமைப் பெயர் குருளை. அகநானூறு 381இல் அதன் ஆண்பாற் பெயர் ஒருத்தல். தொல்காப்பிய மரபியல் குருளை என்ற பெயரை நாய், பன்றி, புலி, முயல், நரி ஆகியவற்றுக்கு உரிமையாக்குகிறது. ஒருத்தல் என்ற பெயரைப் புலி, மரை, யானை, பன்றி முதலியவற்றுக்குத் தருகிறது. இவ்விடங்களில் ஆளி பெயர் சுட்டப்படவில்லை. இலக்கண மரபு பட்டியலிடாத ஒரு விலங்குக்குப் புலவர்கள், பட்டியலிட்ட விலங்குகளின் குடும்பப் பெயர்களை வழங்கியுள்ளனர். அதற்குத் தாய்ப்பாலும் குட்டியும் முதல் வேட்டையும் உண்டு. ஆளியை நம்பத்தக்கதாக ஆக்கியது உடல் வருணனையன்று. காட்டின் உறவுமுறைச் சொற்களே.

அதேவேளை அதற்கு இன்னொரு முகமும் உண்டு. அணங்குடை என்ற அடைமொழி ஆளியோடு மீண்டும் மீண்டும் வருகிறது. அணங்கு என்பது வருத்தும் ஆற்றல். அச்சமும் வழிபாடும் கலந்த நிலை. குறிஞ்சிப்பாட்டின் இடர்ப் பட்டியலிலும் புலி, கரடி, பாம்பு ஆகியவற்றோடு இடியும் சூரும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன. கண்ணுக்குத் தெரிவதையும் தெரியாததையும் ஒரே வரிசையில் வைப்பதில் அக்காலக் கேட்போருக்கு இடர்ப்பாடு இருந்ததாகத் தோன்றவில்லை. ஆளி அவ்வரிசையின் நடுவில், விலங்குக்கும் அணங்குக்கும் இடைப்பட்ட நிலையில் நிற்கிறது.

சிங்கமா? அழிந்த விலங்கா?

ஆளி என்ற சொல்லுக்கு அகராதிகள் சிங்கம் என்ற பொருளையும் தருகின்றன. சங்கப் பாடல்களுக்கு இப்பொருளைப் பொருத்துவதில் இரு தடைகள் உள்ளன. முதலாவது, சிங்கத்துக்கு அரிமா என்ற சொல் தனியே வழங்கியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் திருமாவளவனின் வலிமைக்கு அரிமாவை உவமையாக்குகிறார். அவர் பெயரிலேயே உள்ள பெரும்பாணாற்றுப்படையில் யானைகளைத் தாக்குவது ஆளி. ஒரே புலவர் இரு சொற்களை இரு சூழல்களில் ஆள்வதால் அவை ஒரே விலங்கின் பெயர்களே என்று எளிதில் கொள்ள இயலாது. இரண்டாவது, ஆசியச் சிங்கம் வறண்ட புதர்க்காடுகளையும் புல்வெளிகளையும் சார்ந்து வாழ்வது. அதன் பழைய பரவல் எல்லை நருமதைக்குத் தெற்கே நீண்டதற்கு உறுதியான சான்று இல்லை. அருவியும் மூங்கிலும் நிறைந்த மலைச்சாரல் அதன் வாழிடமன்று.

அழிந்துபோன விலங்கு என்ற கருத்துக்கு எலும்போ புதைபடிவமோ சான்றாக இதுவரை கிடைக்கவில்லை. இலக்கியச் சான்றும் அக்கருத்துக்குத் துணை நிற்கவில்லை. கண்ணால் கண்ட விலங்காயின், கரடியின் கையையும் புலியின் வரியையும் கூறிய புலவர்கள் ஆளியின் உடலைப் பற்றி மட்டும் வாய் மூடியிருக்கக் காரணம் இல்லை.

யானையின் உயிரியலும் இங்கு எண்ணத்தக்கது. வளர்ந்த ஆசிய யானை 3 முதல் 5 டன் எடை கொண்டது. புலி யானைக் கன்றுகளைக் கொல்வதுண்டு. வளர்ந்த களிற்றுக்கு மனிதனைத் தவிர இயற்கைப் பகை இல்லை என்றே கூறலாம். சங்கப் பாடல்களில் புலியும் யானையும் பொரும் காட்சிகள் மிகுதி. அவற்றில் சிலபோது புலி வெல்கிறது. சிலபோது யானை வெல்கிறது. இங்கு எடுத்துக்கொண்ட ஆளிப் பாடல்களில் அத்தகைய ஐயம் எழுவதே இல்லை. புலியைக் கொன்ற களிற்றையும் ஆளி இழுத்துச் செல்கிறது. காட்டின் உணவுச் சங்கிலியில் யானைக்கு மேலே வெறுமையாக இருந்த ஓர் இடத்தைப் புலவர்கள் ஆளியால் நிரப்பினர் எனலாம். அந்த இடத்தில் உண்மையில் நின்றவர் யார் என்பதே அடுத்த வினா.

கோட்டைப் பறிப்பவர்

இரைகொல்லி விலங்கு ஊனுக்காகக் கொல்லும். ஆனால் அகநானூற்றின் 252, 381ஆம் பாடல்களில் ஆளி நாடுவது யானையின் கோட்டை. அதனைப் பறிப்பதும், வெளியே இழுப்பதும், உள்ளிருக்கும் குருத்தை உண்பதும் அதன் செயல்களாகக் கூறப்படுகின்றன. புலியோ செந்நாயோ கழுகோ யானைக்கோட்டை நாடுவதில்லை. யானையைக் கொன்று கோட்டைப் பறிக்கும் உயிர் ஒன்றே. அது மனிதன்.

குருத்து என்ற சொல் இங்கு முதன்மையானது. யானைக்கோடு உண்மையில் மேல்தாடையின் வெட்டுப்பல். அதன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டின் குழிக்குள் புதைந்திருக்கும். அப்பகுதி உட்குழிவானது, அங்கே மென்மையான பற்கூழ் நிறைந்திருக்கும். உயிருள்ள யானையை எவ்வளவு நேரம் நோக்கினாலும் இதனை அறிய முடியாது. இறந்த யானையின் முகவெலும்பை வெட்டியோ, உடல் அழுகிக் கோடு இளகும்வரை காத்திருந்தோ, கோட்டை வெளியே எடுத்தவர்க்கே இக்குருத்து தெரியும். கற்பனை விலங்கைப் பாடிய புலவர், உண்மையான கோடு எடுப்போரின் கைப்பழக்க அறிவைப் பெற்றிருக்கிறார். அந்த அறிவே ஆளியின் வாய்க்குள் வைக்கப்பட்டிருக்கிறது.

யானைக்கோட்டின் புழக்கத்துக்குச் சங்க இலக்கியமே சான்று தருகிறது. குறுந்தொகை 100ஆம் பாடலில், மலைச் சிறுகுடியினர் பசித்தபோது யானையின் கோட்டை விற்று உண்கின்றனர். நெடுநல்வாடையில் அரசியின் கட்டில், போரில் வீழ்ந்த 40 ஆண்டு அகவையுடைய யானையின் கோட்டால் அணி செய்யப்பட்டது. மலைக்குடியின் பசிக்கும் அரண்மனையின் கட்டிலுக்கும் இடையில் கோடு பயணம் செய்கிறது. அப்பயணம் கடல் கடந்தும் சென்றது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடற் செலவு நூலாகிய பெரிப்ளூஸ், முசிறி முதலிய மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியான பொருள்களில் மிளகோடு தந்தத்தையும் எண்ணுகிறது. இன்று வியன்னாவில் உள்ள கி.பி. 2ஆம் நூற்றாண்டு முசிறிப் பாப்பிரசுச் சுவடி, எர்மப்பொல்லோன் என்ற கப்பலின் சரக்கில் முழுத் தந்தங்களையும் தந்தத் துண்டுகளையும் மதிப்பிட்டுக் காட்டுகிறது.

இச்சான்றுகள் எவையும் ஆளியை மனிதனோடு நேரே ஒப்பிடவில்லை. நற்றிணை 205, அகநானூறு 78 ஆகிய பாடல்களில் கோடு பறித்தலும் இல்லை. எனவே ஆளி என்பது தந்த வேட்டைக்காரனின் மறைபெயர் என்று கூறுவது மிகையாகும். கூறத்தக்கது இவ்வளவே: யானையை வெல்லும் ஒரு விலங்கைப் புனைந்தபோது, யானையை வென்றவர் என்ன செய்வார் என்பதற்குப் புலவர்களிடம் இருந்த முன்மாதிரி மனிதர்களே. ஆகவே ஆளியின் செயலில் மனிதனின் செயல் படிந்தது.

வேந்தனும் ஆளிக் குருளையும்

புறப்பாடல்களில் இப்படிவு மேலும் தெளிவாகிறது. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் கரிகாலனின் வெண்ணிப் போரைப் பாடுகிறார். பால்குடி மறவாத ஆளிக் குருளை தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றதைப் போல, இளம் சோழன் சேர, பாண்டிய வேந்தர் இருவரையும் ஒரே களத்தில் வீழ்த்தினான் என்பது உவமை. இங்கு யானை, பகை வேந்தரின் இடத்தில் நிற்கிறது. யானைப்படை வேந்தரின் முதன்மை வலிமையாக இருந்த காலத்தில் இவ்வுவமையின் பொருள் கேட்போர்க்கு உடனே விளங்கியிருக்கும். காட்டில் யானைக்கு மேல் ஓர் உயிர் உண்டெனில், நாட்டில் வேந்தர்க்கு மேல் ஒரு வேந்தன் இருத்தல் இயலும். மூவேந்தருள் ஒருவன் மற்ற இருவரினும் உயர்ந்தவன் என்று கூறுவதற்கு ஏற்ற விலங்கு இயற்கையில் இல்லை. ஆளி அத்தேவையை நிறைவு செய்தது.

ஆயினும் ஆளி வேந்தர்க்கு மட்டும் உரிய உவமையாக நின்றுவிடவில்லை. புறநானூறு 207ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார், தம்மை மதியாத இளவெளிமானிடமிருந்து நீங்கும்போது ஆளியின் பெருமிதத்தை உவமையாக்கித் தம் நெஞ்சை எழுந்து வருமாறு அழைக்கிறார். கொடை பெறச் சென்ற புலவன் வறியவன். அவனிடம் படையும் யானையும் இல்லை. யாருக்கும் தாழாத ஆற்றலின் பெயராக ஆளி வழங்கியதால்தான், அரசனைத் துறந்து செல்லும் புலவனும் அதனைத் தனக்கு உரியதாக்கிக்கொள்ள முடிந்தது.

காட்டிலிருந்து தூணுக்கு

பாடலில் உருவம் பெறாத விலங்கு கல்லில் உருவம் பெறவேண்டியதாயிற்று. 7ஆம் நூற்றாண்டில் மாமல்லபுர மண்டபங்களின் தூண் அடியில் அமர்ந்த சிங்கங்கள் தோன்றுகின்றன. 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இராசசிம்மன் எடுத்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் அவை எழுந்து நிற்கின்றன. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், பாறைக்குடைவைச் சூழ்ந்து யாளி முகங்கள் வளைவாகச் செதுக்கப்பட்டுள்ளன. மக்கள் அவ்விடத்தைப் புலிக்குகை என்றே அழைக்கின்றனர். கல்லில் கண்ட பின்னும் அவ்விலங்கு இன்னதென்று மக்கள் வழக்கில் முடிவாகவில்லை என்பதை அப்பெயர் காட்டுகிறது.

1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் யாளிகள் வரிசையாக அமைகின்றன. விசயநகர, நாயக்கர் காலங்களில் யாளி தூணிலிருந்து பாய்ந்து எழும் பேருருவமாகிறது. வேலூர் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபமும் மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபமும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டுகள். இக்காலத்து யாளிகள் பலவற்றின் முகத்தில் துதிக்கை உள்ளது; சிலவற்றின் காலடியில் சிறு யானை நிற்கிறது. யானையைக் கொன்ற விலங்கு யானையின் உறுப்பையே தன் முகத்தில் ஏந்தி நிற்கிறது. இரையால் மட்டும் அறியப்பட்ட விலங்குக்கு உருவம் தேடிய சிற்பிகள், அவ்வுருவத்தின் ஒரு பகுதியை இரையிடமிருந்தே எடுத்தனர் எனக் கருத இடமுண்டு.

இதனோடு விலங்கின் செயலும் மாறுகிறது. குறிஞ்சியில் கோடு பறித்த ஆளி, மண்டபத்தில் கூரையைத் தாங்குகிறது, வாயிலைக் காக்கிறது. வழிப்போக்கரின் உயிரை அச்சுறுத்திய ஆற்றல், வழிபட வருவோரின் காவலாகிறது. பாடலின் ஆளியையும் தூணின் யாளியையும் ஒன்றென்று கொண்டு, சிற்பத்தின் உருவத்தைச் சங்கப் பாடலுக்குள் புகுத்திப் படிப்பது கால முரணாகும். இன்றைய உயிரினக் கருத்து பெரும்பாலும் இம்முரணிலிருந்தே எழுகிறது.

முடிவுரை

ஆளி வாழ்ந்த காடு உண்மையானது. அதன் அருவியும் மூங்கிலும் யானையும் புலியும் உண்மையானவை. அக்காட்டில் ஆளி மட்டும் புனைவு. ஆயினும் அப்புனைவின் செயல்கள் உண்மையிலிருந்து பெறப்பட்டவை. யானையின் முகத்தை நோக்கிப் பாய்ந்து, கோட்டைப் பறித்து, குருத்துவரை சென்ற அவ்வேட்டைவிலங்கில், கோட்டை விற்றுப் பசியாறிய மலைக்குடியும், கோட்டுக் கட்டிலில் துயின்ற அரண்மனையும், கோட்டைக் கப்பலேற்றிய வணிகமும் தம் தடத்தை விட்டுள்ளன.

எனவே ஆளி இருந்ததா என்ற வினாவைவிட, ஆளி ஏன் கோட்டைப் பறித்தது என்ற வினா வரலாற்றுக்குப் பயன் தருவது. முதல் வினா புதைபடிவத்தைத் தேடி வெறுங்கையோடு திரும்பும். இரண்டாவது வினா, தமிழ் மலைகளில் யானைக்கும் மனிதனுக்கும் இடையே நிகழ்ந்த நெடிய வேட்டையின் தொடக்கக் காலத்துக்கு ஆய்வாளரை அழைத்துச் செல்லும். பிற கற்பனை உயிர்களையும் இவ்வாறு உருவத்தால் அன்றிச் செயலால் ஆராயின், சங்க இலக்கியத்தின் சூழலியல் வரலாறு மேலும் தெளிவுபெறும்.